தயிர்சாதப் பூனை

போன வாரம் ஒரு தம்பி போன் பண்ணார். "அண்ணே, பூனைக்குட்டி ஒண்ணு எடுத்துட்டு வந்திருக்கோம். அதுக்கு என்ன சாப்பாடு போடலாம்?"னு கேட்டார். நெல்லு, எரு, மாடுன்னு எழுதுற ஆளுகிட்ட இதைக் கேட்கிறாரேன்னு சிரிப்புதான் வரணும். எனக்கு வரல. கேட்டுட்டுக் கொஞ்ச நேரம் பேசாம இருந்தேன். ஏன்னு சொல்றேன்.

எங்க ஊரு தாம்பரத்துக்குக் கிழக்கே, அகரம்தென் பக்கம். சுத்தி பாதி நிலம் மனையாப் போயிடுச்சு. ஏரித்தண்ணியை நம்பி இன்னும் சில பேரு நெல்லு போடுறோம். எங்க அப்பா சொர்ணவாரி, சம்பா, நவரைன்னு மூணு பட்டமும் பாத்தவரு. நான் தண்ணி இருப்பைப் பாத்து ஒண்ணோ ரெண்டோ. நெல்லு இருந்தா எலி இருக்கும், எலி இருந்தா பூனை வரும். எங்க ஊர்ல பூனையை யாரும் காசு குடுத்து வாங்கினதில்ல. அதுவா வரும், திண்ணையில குட்டி போடும், இருந்துக்கும்.

எங்க அம்மா அதுக்குன்னு ஒரு நசுங்கின அலுமினியத் தட்டு வெச்சிருப்பாங்க. மத்தியானம் மீந்த சோத்துல தயிர் ஊத்திப் பிசைஞ்சு ஒரு கை. கவிச்சி ஆக்குற நாள்ல மீன் தலை. அவ்வளவுதான் பூனைக்கு சாப்பாடு. அதுலயே பத்து வருஷம் இருந்த பூனையெல்லாம் உண்டு.

என் பொண்ணு கல்யாணமாகி ராஜகீழ்ப்பாக்கத்துல மூணாவது மாடியில வாடகைக்கு இருக்கு. கீழ் வீட்ல இருக்கிற ஓனரம்மா, வீடு விடும்போதே கவிச்சி சமைக்கக் கூடாதுன்னு சொல்லித்தான் விட்டாங்க. ரெண்டு வருஷம் முன்னாடி எங்க வீட்டுக் குட்டி ஒண்ணை, செவலைன்னு பேரு, ஆசைப்பட்டு எடுத்துட்டுப் போச்சு. போன ஒரு வாரத்துல எனக்குப் போன்.

"அப்பா, கடையில கேட்டா பாக்கெட் உணவு கிலோ 400 ரூபாய்க்கு மேல சொல்றாங்க. வாங்கணுமா?"

"எதுக்கும்மா வெட்டிச் செலவு? நம்ம வீட்டுப் பூனை எல்லாம் தயிர்சாதத்துலதான் வளர்ந்துச்சு. அதையே போடு."

இது நான் சொன்ன வார்த்தை. பொண்ணு அப்படியே செஞ்சுது. தயிர்சாதம், பால், சில நாள் பிஸ்கட். செவலையும் சாப்பிட்டுச்சு. மாடி ஜன்னலுக்கெல்லாம் வலை அடிச்சிருந்தாங்க, கீழ விழுந்துடுமேன்னு. பூனை வெளியிலயே போகல.

ஒன்றரை வருஷம் போச்சு. முடி கரடுமுரடா ஆச்சு, ஓடியாடுறது குறைஞ்சுது. நாங்க சோம்பல்னு நினைச்சோம். ஒருநாள் நான் போயிருந்தப்ப, கூடத்துல புதுசா போட்ட ஸ்டூல்ல வந்து நேரா முட்டிக்கிச்சு. கையை முகத்துக்கிட்ட ஆட்டிப் பாத்தேன். கண்ணு சிமிட்டல. பகல் வெளிச்சத்துல பூனைக்குக் கண்ணுமணி கோடு மாதிரி சுருங்கி இருக்கணும். இதுக்கு ராத்திரி மாதிரி முழுசா விரிஞ்சு நின்னுச்சு.

கூடையில வெச்சு ஆட்டோவுல வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கூட்டிட்டுப் போனோம். 1903-ல ஆரம்பிச்ச காலேஜு அது. பாத்த டாக்டரம்மா முதல்ல கேட்டதே "என்ன சாப்பாடு போடுறீங்க?"ன்னுதான். பொண்ணு என்னைப் பாத்துச்சு. நான்தான் பதில் சொன்னேன்.

அவங்க பொறுமையா விளக்கினாங்க. டாரின்னு ஒரு சத்து இருக்கு. கண்ணோட விழித்திரைக்கும் இதயத்துக்கும் அது வேணும். நாய் பெரும்பாலும் அதைத் தன் உடம்புலயே செஞ்சுக்கும். பூனையால தேவைக்குச் செஞ்சுக்க முடியாது, மாமிசத்துல இருந்துதான் எடுக்கணும். அரிசியில கிடையாது, பால் தயிர்ல பேருக்குத்தான். இது இல்லாம பூனைக்குக் கண்ணு கெடும்னு 1975-லயே கண்டுபிடிச்சிருக்காங்க. 1987-ல அமெரிக்காவுல கலிபோர்னியாவுல, இதயம் வீங்கிப் பலவீனமாகிறதுக்கும் இதே குறைதான் காரணம்னு நிரூபிச்சாங்க. அதுவும் கடையில வாங்கின உணவையே சாப்பிட்ட பூனைகளுக்கு. அதுக்கப்புறம்தான் கம்பெனிக்காரங்க பாக்கெட்டுல டாரினைக் கூட்டினாங்களாம்.

செவலைக்கு இதயமும் தளர்ந்துதான் இருந்துச்சு. சத்து குடுத்தா இதயம் தேறிடும், போன கண்ணு திரும்பாதுன்னு சொன்னாங்க.

எனக்கு ஒரு சந்தேகம். "அப்ப எங்க அம்மா வளர்த்த பூனை எல்லாம் எப்படிம்மா இருந்துச்சு?"

"உங்க வீட்ல எலி இருந்ததா?"

ஆட்டோவுல திரும்பி வர்றப்ப அதையேதான் நினைச்சுட்டு வந்தேன். அம்மா போட்ட தயிர்சாதம் பூனைக்கு மேல்தீனி. சாப்பாடு வயல்ல இருந்துச்சு. எலி, ஓணான், வெட்டுக்கிளி, குருவி. எலியோட இதயம், மூளை, எலும்பு எல்லாத்தையும் சேத்துத் தின்னுட்டு, வாய்க்கு மாத்தமா வந்து தயிர்சாதத்தை நக்கிட்டுப் போகும். நாங்க பாத்தது தட்டை மட்டும். மாட்டுக்குத் தவிடு, வைக்கோல், பச்சைப்புல்லுன்னு கணக்குப் பாத்துப் போடுறவன் நான். பூனைன்னதும் அந்தக் கணக்கே தோணல.

(எலின்னதும் இன்னொண்ணு. வயல்ல எலி கேக் வைக்கிறதை நான் விட்டுட்டேன். அதைத் தின்ன எலி உடனே சாகாது. ரத்தம் உறையாம ரெண்டு மூணு நாள் தள்ளாடித் திரியும். அந்த மாதிரி எலிதான் பூனைகிட்ட சுலபமா மாட்டும். இப்ப மூங்கில் கிட்டிதான் வைக்கிறேன்.)

சரி, போன் பண்ண தம்பிக்கு என்ன சொன்னேன்? மாடியில, வீட்டுக்குள்ள மட்டும் வளர்ற பூனைன்னா மாமிசம் இல்லாம முடியாது. வீட்ல ஆக்குறது ஒத்துவராதுன்னா பாக்கெட் வாங்கிடுங்க, முழு உணவுன்னு போட்டிருக்கான்னு பாத்து. ருசிக்குக் குடுக்கிற தீனி தனியா விக்குது, அதை மட்டும் நம்பக்கூடாது. காஞ்ச தீனியில தண்ணி ரொம்பக் கம்மி. பூனை தானாத் தண்ணி குடிக்கிறதும் கம்மி. கடுவன் பூனைக்கு மூத்திரம் அடைச்சுக்கிட்டா ஒருநாள் கூடத் தள்ளாதீங்க, உயிர் போயிடும். ரெண்டு மூணு இடத்துல தண்ணி வைங்க. வளர்ந்த பூனை பல துக்குப் பால் ஒத்துக்காது, வயித்தால போகும். வெங்காயம், பூண்டு சேந்த குழம்பு மீனைப் போடாதீங்க, ரத்தத்தைக் கெடுக்கும். காய்ச்சல்னு பாராசிட்டமால் மாத்திரை குடுத்துடாதீங்க, அது பூனைக்கு விஷம்.

ஆக்கிப் போடுறதா இருந்தா, கோழி இதயம் நல்லது. ஈரல் கொஞ்சமா, தினமும் வேணாம். வேக வெச்ச தண்ணியைக் கொட்டாதீங்க, டாரின் அதுல இறங்கிடும். காரப்பொடி, மத்தி போட்டா வேக வெச்சு முள்ளெடுத்துப் போடுங்க. ஆனா வெறும் இதயமும் மீனும் மட்டும் காலம் பூரா போதாது, சுண்ணாம்புச் சத்துக்கு டாக்டரைக் கேட்டுக்கணும்.

செவலை இப்ப பாக்கெட் தீனியில இருக்கு. ஞாயித்துக்கிழமை நான் கறிக்கடையில கால் கிலோ கோழி இதயம் வாங்கி, எங்க வீட்டம்மாவை உப்பு போடாம வேக வெக்கச் சொல்லி, தூக்குல ஊத்தி டிவிஎஸ் 50-ல எடுத்துட்டுப் போறேன். சமைக்கத்தானே கூடாது? படியேறும்போது தூக்கு மூடியை இறுக்கிப் பிடிச்சுக்குவேன். போன மாசம் ஓனரம்மா மடக்கிட்டாங்க.

"பெரியவரே, அதுல என்ன?"

பொய் சொல்ல வரல. பூனைக்கு, கண்ணு தெரியாதுன்னு சொன்னேன். கொஞ்சம் யோசிச்சவங்க, "ஆறிப்போச்சுன்னா சாப்பிடுமா? வேணும்னா மேல சுட வெச்சுக்கச் சொல்லுங்க"ன்னாங்க.

வீட்ல சாமான் எதையும் நகர்த்துறதில்ல. ஸ்டூலை எடுத்தாச்சு. செவலை சுவத்தை மீசையால உரசிக்கிட்டே தட்டுக்கு வந்துடும். சத்து குடுக்க ஆரம்பிச்சு நாலாவது மாசம் இதயத்தைத் திரும்பப் பாத்தாங்க, நல்லா தேறியிருக்குன்னாங்க. பொண்ணு என்னை ஒரு வார்த்தை குறை சொல்லல. தூக்கை வாங்கி வெச்சுட்டு, "வெயில்ல வந்திருக்கீங்க, மோர் குடிக்கிறீங்களாப்பா"ன்னுதான் கேக்குது.