முர்முவா, சின்ஹாவா: எதை வைத்து எடைபோடுவது?

குடியரசுத் தலைவருக்கு நாம் நேரடியாக வாக்களிப்பதில்லை. ஆனால் மேலூர் எம்.எல்.ஏ. போடும் ஒரு வாக்குக்கு மதிப்பு 176. அதனால் வேட்பாளரின் கொள்கை உறுதியைக் கேட்கும் உரிமை மதுரைக்காரர்களுக்கும் உண்டு. 2022 குடியரசுத் தலைவர் தேர்தலில் நின்ற யஷ்வந்த் சின்ஹாவைக் கட்சி மாறியவர் என்றார்கள். அவரோ 2017-இல் பா.ஜ.க.வில் இருந்துகொண்டே பணமதிப்பிழப்பை எதிர்த்து எழுதியவர். பதவி கிடைக்காத கோபம் என்பீர்கள். இருக்கட்டும், சொன்ன கருத்தை அவர் பிறகு மாற்றிக்கொள்ளவில்லையே!

அவரை எதிர்த்து நின்று வென்ற திரௌபதி முர்முவின் சான்று இன்னும் வலுவானது. ஜார்க்கண்ட் ஆளுநராக, பா.ஜ.க. அரசின் பழங்குடி நிலச் சட்டத் திருத்தங்களையே 2017-இல் திருப்பி அனுப்பினார். அதனால்தான், பழங்குடி அமைப்புகள் எதிர்த்த வனப் பாதுகாப்புத் திருத்தத்துக்கு 2023-இல் குடியரசுத் தலைவராக அவர் ஒப்புதல் தந்தது வருத்துகிறது. அமைச்சரவைக்குக் கட்டுப்பட்டவர்தானே என்கிறார்கள். அரசியல் சாசனப் பிரிவு 111 மறுபரிசீலனைக்கு ஒருமுறை திருப்பி அனுப்ப இடம் தருகிறது. ராமேஸ்வரத்துக் கலாம் 2006-இல் ஆதாயப் பதவி மசோதாவை அப்படித்தான் திருப்பி அனுப்பினார்.