கையைப் பிடித்தால்

எங்கள் தாத்தா சிலம்ப வாத்தியார். கனகம்மாசத்திரத்தில் எங்கள் காலனி ஆண்கள் மட்டுமில்லாமல் ஊர்த்தெருப் பையன்களும் அவரிடம் கழி சுத்தக் கத்துக்கொண்டார்கள். கழிதான் கழியைத் தொடும். காலடி தப்பினால் அவர்கள் தோளைப் பிடித்துத் திருத்தமாட்டார், கழி நுனியால் காட்டுவார். பாடம் முடிந்ததும் மண்ணைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போவார்கள். வாத்தியார் காலைத் தொட்டதில்லை. பேத்தி எனக்கு அவர் சொல்லித் தரவே இல்லை. “பொம்பளப் புள்ளைக்குக் கழி எதுக்கும்மா?” என்பார்.

எதுக்கு என்று என் அம்மாவுக்குத் தெரியும். கரும்பு வெட்டப் போன இடத்தில் நிலக்காரன் ஒருவன் அவள் கையைப் பிடித்து இழுத்திருக்கிறான். வாத்தியார் கை பட்டால் ஒட்டிக்கொள்ளும் தீட்டு, வாத்தியார் மகள் கையைப் பிடிக்கும்போது எங்கே போனது?

எம்.ஏ. தமிழ் படிக்கச் சென்னைக்குப் போனபோது தோழி ஒருத்தி ஐகிடோ என்ற ஜப்பானியத் தற்காப்புக் கலை வகுப்புக்கு அழைத்துப் போனாள். முதல் பாடமே மணிக்கட்டைப் பிடிப்பதுதான். முன்பின் தெரியாத ஒருவர் என்னை வணங்கிவிட்டு என் கையைப் பிடித்தார். எனக்கு உடம்பு நடுங்கிவிட்டது. “இழுக்காதீங்க. அவர் பக்கத்துல போய்த் திரும்புங்க” என்றார் ஆசிரியர். ஒரு காலை முன்வைத்துச் சுழன்று, அவர் பார்க்கும் திசையையே பார்த்து நின்றேன். வந்த வேகத்தில் அவர்தான் நிலை தடுமாறினார். அடுத்து நான் பிடிக்க வேண்டும், நான் விழ வேண்டும். தாடையை நெஞ்சோடு சேர்த்து, கையை வளைத்து, தோள் வழியாக உருண்டு எழ வேண்டும். இந்தக் கலையில் பாதி, அடிபடாமல் விழக் கற்பது. பெரும்பாலான பள்ளிகளில் போட்டியே கிடையாது. வென்றவர், தோற்றவர் இல்லை. முறை மாற்றி எறிவார்கள், விழுவார்கள்.

இதை உருவாக்கியவர் மொரிஹேய் உயெஷிபா (1883–1969). தைதோ-ரியூ என்ற சாமுராய் மரபுக் கலையைக் கற்று, அதைத் தன் வழியில் மாற்றியவர். 1942இல் ஐகிடோ என்ற பெயர் வந்தது. தாக்க வருகிறவனையும் அழிக்காமல் தாக்குதலை நிறுத்துவதே தற்காப்பு என்பது இதன் தத்துவம்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. எனக்கு முதலில் சந்தேகம்தான் வந்தது. ‘எதிர்க்காதே, இணங்கிப் போ’ என்றுதானே நமக்குத் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறார்கள்? வாள் பிடித்த வகுப்பின் கலைக்குச் சமாதானம் பேசுவது சுலபம். அந்த நாட்டிலும் மாடறுப்பு, தோல்வேலை செய்ததற்காக ஒதுக்கப்பட்ட புராக்குமின் மக்கள் உண்டு. 1871இல் அரசாணை அவர்களுடைய இழிபெயரை நீக்கியது, இழிவு போகவில்லை. 1922இல் கியோத்தோவில் சுய்ஹெய்ஷா என்ற சங்கம் கண்டு அவர்களேதான் எழுந்தார்கள்.

ஆனால் இணங்கிப் போவது வேறு, அடிக்க முடிந்தும் அளவோடு நிற்பது வேறு. 1927 மார்ச்சில் மகாடில், சவுதார் குளத்துத் தண்ணீரைக் குடித்த நம் மக்களைச் சாதி இந்துக்கள் தாக்கினார்கள். திருப்பி அடிக்க நம்மிடம் ஆட்கள் இருந்தார்கள். அம்பேத்கர்தான் தடுத்தார். அதைப் பயம் என்று யார் சொல்ல முடியும்? சட்டமும் அந்த அளவைத்தான் பேசுகிறது. 2024 ஜூலை முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதா, 34 முதல் 44 வரையான பிரிவுகளில் தற்காப்பு உரிமை தருகிறது. தேவைக்கு மேல் தீங்கு செய்யக்கூடாது என்பதும் அதிலேயே இருக்கிறது. உரிமை ஏட்டில் இருக்கிறது. உடம்புக்குப் பழக்க வேண்டியது நம் வேலை.

இப்போது எங்கள் காலனியில் இரவுப் பள்ளி முடிந்ததும் வைக்கோல் பரப்பி, மேலே தார்ப்பாய் விரித்து, பெண் பிள்ளைகளுக்கு எனக்குத் தெரிந்த நாலு பாடம் சொல்லித் தருகிறேன். அம்மாவும் வந்து, “எங்க, என் கையப் புடி பாக்கலாம்” என்கிறாள். பிடித்தால் திரும்புகிறாள். நான் விழுகிறேன்.

ஒரே ஆள் எப்போதும் விழுந்துகொண்டிருந்தால் அது ஐகிடோ இல்லை, ஊர் வழக்கம். முறை மாறி விழ ஊர்த்தெருவிலிருந்து இன்னும் யாரும் வரவில்லை.