'ப்ரில்' குடும்பமும் மூத்தம்மாவின் இருமலும்

உயர்தரம் முடித்து தாதியர் பயிற்சிக் கல்லூரிக்குள் நுழைந்தபோது ஊசிக்கும் இரத்தத்துக்கும் நான் பயப்படவில்லை. என்னைப் பயமுறுத்தியது மருந்தியல் பாடம்தான். நூற்றுக்கணக்கான மருந்துப் பெயர்கள், எல்லாம் ஆங்கிலத்தில். தஹஜ்ஜத் நேரத்தில் எழும்பிப் பாடமாக்குவேன். சுபஹ் தொழுதுவிட்டு வந்து பார்த்தால் பாதி மறந்திருக்கும். முதல் பரீட்சையில் 34 புள்ளிகள் கிடைத்தன.

விடைத்தாளைத் தந்த விரிவுரையாளர் கேட்டார்: "ஊருக்குப் புதுசா ஒரு பிள்ளை வந்தா உங்கட வீட்டில முதல்ல என்ன கேட்பாங்க?"

"ஆர்ர புள்ள எண்டு கேட்பாங்க மிஸ்."

"மருந்துகிட்டயும் அதையே கேளுங்க."

அன்றிலிருந்து பெயர்களின் கடைசிப் பகுதியைப் பார்க்கத் தொடங்கினேன். அட்டெனோலோல், ப்ரொப்ரனொலோல் என்று 'ஓலோல்' இல் முடிபவை இதயத் துடிப்பைத் தணிப்பவை. கொடுக்க முன் நாடியை எண்ண வேண்டும், ஆஸ்துமா உள்ளவரென்றால் வைத்தியருக்கு அறிவிக்க வேண்டும். 'வஸ்டட்டின்' என்று முடிபவை கொழுப்பைக் குறைப்பவை. எனலாப்ரில், கெப்டோப்ரில் போன்ற 'ப்ரில்'கள் இரத்த அழுத்தத்தைக் குறைப்பவை. கம்பனிகள் வைக்கும் வர்த்தகப் பெயர்களில் இந்த ஒழுங்கு இல்லை. பொதுப் பெயர்களில்தான் உண்டு. 1971 இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் உருவாகக் காரணமாக இருந்த பேராசிரியர் சேனக பிபிலே, நம் நாட்டில் மருந்துகள் பொதுப் பெயரால் வழங்கப்பட வேண்டுமென்று பாடுபட்டவர் என்பதையும் அப்போதுதான் அறிந்தேன்.

ஒரு நாள் இரவு 'ப்ரில்' குடும்பத்தின் பக்க விளைவுகளைக் கொப்பியில் எழுதிக்கொண்டிருந்தேன். "வறட்டு இருமல்" என்று எழுதியதும் கை நின்றுவிட்டது.

வீட்டில் மூத்தம்மாவுக்குப் பல மாதங்களாக வறட்டு இருமல். கொத்தமல்லி அவித்துக் கொடுத்தோம். கருஞ்சீரகமும் தேனும் கொடுத்தோம். நானே பாமசியில் மூன்று போத்தல் பாணி மருந்து வாங்கிக் கொடுத்திருக்கிறேன். கடந்த நோன்பில் அவர் தராவீஹுக்குப் போகவே இல்லை. "நான் இருமினா மத்தவங்கட தொழுகையும் கெட்டுப்போகும்" என்று வீட்டிலேயே தனியாகத் தொழுதார்.

அந்த வார இறுதியில் வீட்டுக்குப் போய், அவர் குளிசை வைக்கும் பிஸ்கட் டின்னைத் திறந்தேன். கிளினிக் உறையில் எழுதியிருந்தது: எனலாப்ரில். கிளினிக் கொப்பியைப் புரட்டினேன். அந்தக் குளிசை தொடங்கிய பிறகுதான் இருமலும் வந்திருந்தது.

"அப்ப இத நிப்பாட்டட்டா மகள்?" என்று கேட்டார் மூத்தம்மா.

"ஓம்" என்று சொல்ல வாய் வந்தது. ஆனால், குளிசையை நாமாக நிறுத்தினால் பிரஷர் ஏறிவிடும். இருமலுக்கு வேறு காரணங்களும் இருக்கலாம். சந்தேகம் வருவது வரைதான் என் படிப்பு, முடிவு வைத்தியருடையது. "இல்ல மூத்தம்மா, கிளினிக்குக்குப் போய்க் கேட்பம்" என்றேன்.

கூடவே போய் விடயத்தைச் சொன்னேன். வைத்தியர் நெஞ்சைப் பரிசோதித்து, எக்ஸ்ரேயும் எடுத்துப் பார்த்தபின் லோசார்ட்டனுக்கு மாற்றினார். அது 'சார்ட்டன்' குடும்பம். 'ப்ரில்' மருந்து தடுக்கும் நொதியம்தான் பிரடிகைனின் என்ற பொருளையும் உடைக்கிறது. உடையாமல் தேங்கும் அப்பொருளே சிலருக்கு இருமலைத் தூண்டுகிறது என்பார்கள். சார்ட்டன்கள் அந்த நொதியத்தைத் தொடுவதில்லை. நான்கு வாரங்களில் இருமல் போய்விட்டது, அல்ஹம்துலில்லாஹ்.

"வேறு வருத்தம் ஏதும் இருக்கா?" என்று கிளினிக்கில் ஒவ்வொரு முறையும் மூத்தம்மாவிடம் கேட்டிருக்கிறார்கள். அவரும் ஒவ்வொரு முறையும் "ஒண்டுமில்ல" என்றிருக்கிறார். பிரஷர் குளிசைக்கும் இருமலுக்கும் தொடர்பிருக்கும் என்று அவருக்கு எப்படித் தெரியும்? பெற்றோர்களே, கிளினிக்குக்குப் போகும்போது வெளியில் வாங்கிய மருந்துகள் உட்பட எல்லாவற்றையும் எடுத்துச் செல்லுங்கள். புதிதாக வந்த எந்தச் சிறு உபாதையையும் சொல்லுங்கள்.

இப்போது வார்ட்டில் குளிசைத் தட்டை ஏந்தும்போது, அது என் கையில் தரப்பட்ட அமானிதம் என்றே நினைக்கிறேன். அடுத்த பரீட்சையில் எனக்கு 71 புள்ளிகள். இந்த நோன்பில் மூத்தம்மா பள்ளிக்குப் போய் முழுத் தராவீஹையும் தொழுதார். பக்கத்து ஸஃப்பில் நின்ற எனக்கு ஓர் இருமல்கூடக் கேட்கவில்லை.