டெல்லிக்கு எவ்வளவு ஊத்தோணும்?

கோவையில் வெள்ளக்கிணறு பிரிவு தாண்டி உள்ளே திரும்பும் தெரு. எதிர் வீட்டுத் தாழ்வாரத்தில் சுவரோடு இரண்டு கடிகாரங்கள். ஒன்று நம் நேரத்தில் ஓடுகிறது. மற்றது ஐந்தரை மணி நேரம் பின்தங்கி ஓடுகிறது. அது பழுதில்லை. விமானம் எந்த நாட்டு வானில் பறந்தாலும் அதன் திட்டம் எழுதப்படுவது ஒரே பொது நேரப்படிதான். அந்தத் தொழிலில் அதை ‘ஜூலு’ என்கிறார்கள். மேட்டுப்பாளையம் போகும் நீலகிரி எக்ஸ்பிரஸின் சத்தம் அடங்கி, பால்காரர் வந்து போகும் ஐந்தரை மணிக்குத்தான் அந்த இரண்டாவது கடிகாரத்துக்குத் தேதி மாறும்.

கடிகாரத்துக்குக் கீழே பாய் விரித்து அந்தப் பெண் உட்கார்ந்திருப்பாள். விமானவியலில் பி.எஸ்சி. முடித்தவள். இப்போது டிஸ்பாட்சர் தேர்வுக்குப் படிக்கிறாள். விமானம் கிளம்பும் முன்னே எந்த வழியில் போவது, எந்த உயரத்தில் பறப்பது, எவ்வளவு எரிபொருள் ஏற்றுவது, இறங்க முடியாமல் போனால் எந்த ஊருக்குத் திருப்புவது என்று தரையில் இருந்து தீர்மானிக்கிற வேலை. விமானி கையில் வாங்கும் திட்டம் இவர்கள் போட்டது. பயணிகள் யாரும் இவர்கள் முகத்தைப் பார்ப்பதில்லை.

அரைமணிக்கு ஒருமுறை போனைத் திறப்பாள். கோயமுத்தூர் விமான நிலையத்தின் வானிலைக் குறிப்பு அரைமணிக்கு ஒன்று வருகிறது. தொடக்கத்தில் வி-ஓ-சி-பி என்று நான்கு எழுத்து. அது நம் நிலையத்தின் உலகப் பெயர். பிறகு காற்றின் திசையும் வேகமும், பார்வைத் தூரம், மேகம், வெப்பம், காற்றழுத்தம். வரி முழுக்கச் சுருக்கெழுத்தும் எண்ணும்தான். அதை அவள் வாய்விட்டுப் படிப்பது மாடியில் இருக்கும் எனக்குப் பாடம் ஒப்பிப்பது போலக் கேட்கும். ஆனி, ஆடி மாதங்களில் காற்று பெரும்பாலும் தென்மேற்கு, மேற்கு என்றே வரும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக நுழைகிற காற்று. விமான நிலையம் இருக்கும் பீளமேட்டில் ஓடுபாதையும் தென்மேற்கு – வடகிழக்காகவே கிடக்கிறது. எதிர்காற்றில் ஏறுவதும் இறங்குவதும் விமானத்துக்கு நல்லது. துணி காயப்போட்டால் கிளிப் போடாமல் நிற்காத அந்தக் காற்றுக்கு இப்படி ஒரு கணக்கு இருப்பதை அவள் படிக்கக் கேட்டுத்தான் நான் அறிந்தேன்.

அவள் அப்பா ஐச்சர் லாரி ஓட்டுகிறார். மேட்டுப்பாளையத்துக்கும் மலைக்குமாகக் காய்கறி லோடு. வண்டி இல்லாத மாலைகளில் மகளுக்கு எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்துகொள்வார்.

“டெல்லிக்கு எவ்வளவு ஊத்தோணும் கண்ணு?”

“மொதல்ல ரன்வேக்கு உருட்டிட்டுப் போக இருநூறு கிலோங்கப்பா. போய்ச் சேர 6,600. அதுல நூத்துக்கு அஞ்சு கூட, 330. டெல்லில எறங்க முடியாட்டி ஜெய்ப்பூர் போக 1,500. அதுக்கு மேல முப்பது நிமிசம் வானத்துலயே சுத்தறதுக்கு 1,100.”

“கூட்டு.”

“9,730 கிலோங்க.”

“லிட்டருல?”

லிட்டருக்கு 0.8 கிலோ என்று வைத்து வகுத்தாள். பன்னிரண்டாயிரத்துச் சொச்சம். அவர் விரலை மடக்கினார். பெட்ரோல் பங்குக்கு வருகிற பன்னிரண்டாயிரம் லிட்டர் டேங்கர் லாரி ஒன்று. அந்த லாரி அளவுதான் அவருக்கு எல்லாவற்றையும் விளக்கியது. முகம் தெளிந்து, “அப்ப நெறையா ஊத்திட்டுப் போயிட்டா ஆச்சில்ல?” என்றார்.

“எண்ணெயே லோடுங்கப்பா. கூட ஊத்துனா அதைச் சுமக்கறதுக்கே ஒரு பங்கு எரிஞ்சு போயிருமுங்க.”

மலையேறுகிறவருக்கு இதற்கு மேல் சொல்லத் தேவையில்லை. தலையாட்டினார். பிறகு கேட்டதுதான் நல்ல கேள்வி. “திருப்புற ஊருலயும் மழை புடிச்சுக்கிட்டா?”

அவள் நோட்டைப் புரட்டினாள். 2019 ஜூலை 15. மும்பையிலிருந்து டெல்லிக்குப் போன விஸ்தாரா விமானம், 153 பயணிகள். டெல்லியில் வானிலை கெட்டு லக்னோவுக்குத் திருப்பினார்கள். லக்னோவிலும் பார்வைத் தூரம் விழுந்தது. கான்பூர், பிரயாக்ராஜ் என்று யோசித்துப் புறப்பட்டு, லக்னோ தெளிந்தது தெரிந்து மறுபடி அங்கேயே வந்து இறங்கினார்கள். இறங்கியபோது தொட்டியில் இருந்தது ஏறக்குறைய பத்து நிமிடத்துக்கான எரிபொருள்.

“சாமி,” என்றார் அவர். உள்ளே மிக்ஸியை நிறுத்திவிட்டு அம்மாவும் நிலைப்படிக்கு வந்து நின்றார்.

அடுத்த பக்கத்தை அவள் மெதுவாகப் படித்தாள். 2016 நவம்பர் 28. பொலிவியாவின் சாண்டா குரூஸிலிருந்து கொலம்பியாவின் மெடெயினுக்கு லாமியா விமானம். உள்ளே பிரேசிலின் சாப்பெகோயென்ஸ் கால்பந்து அணி. திட்டத் தாளில் பறக்கும் நேரம் 4 மணி 22 நிமிடம். எரிபொருள் தாங்கும் நேரமும் 4 மணி 22 நிமிடம். இரண்டு கட்டத்திலும் ஒரே எண். விமான நிலையத்துப் பெண் அதிகாரி ஒருவர் அதைச் சுட்டிக்காட்டியதாகப் பின்னர் சொன்னார். ஆனாலும் விமானம் கிளம்பியது. ஓடுபாதையை எட்டுமுன் எரிபொருள் தீர்ந்து மலையில் விழுந்தது. 77 பேரில் 71 பேர் இறந்தார்கள். அந்தத் தாளைக் கொண்டுபோய்க் கொடுத்த டிஸ்பாட்சரும் அதே விமானத்தில்தான் ஏறியிருந்தார், அவரும் பிழைக்கவில்லை.

இந்தப் படிப்பின் நடுநரம்பு அங்கேதான் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. சூத்திரம், வரைபடம், சட்டப்பிரிவு எல்லாம் கற்பது, ஒரு தாளைப் பார்த்து ‘இது போகாது’ என்று சொல்வதற்காக. மேலதிகாரி அவசரப்படுத்தும்போதும், பயணிகள் வரிசையில் நிற்கும்போதும் சொல்வதற்காக. அமெரிக்காவில் 1935இல் ஒரு டி.டபிள்யூ.ஏ. விமானம் மோசமான வானிலையில் எரிபொருள் குறைந்து மிசௌரியில் விழுந்தது. செனட்டர் பிரான்சன் கட்டிங் அதில் இறந்தார். அடுத்த சில ஆண்டுகளிலேயே, 1938இல், புது விமானப் போக்குவரத்துச் சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தின் தொடர்ச்சியாக அங்கே டிஸ்பாட்சருக்கு உரிமச் சான்று உண்டு. தேர்வெழுத 21 வயது, சான்று கைக்கு வர 23 வயது ஆகவேண்டும். விமானத்தைக் கிளப்பும் பொறுப்பில் விமானிக்குப் பாதி, டிஸ்பாட்சருக்குப் பாதி. நம் நாட்டில் விமானப் போக்குவரத்து இயக்ககமான டி.ஜி.சி.ஏ. தருவது அங்கீகாரம். அதற்கு ஒரு விமான நிறுவனம் சேர்த்துக்கொண்டு பயிற்றுவிக்க வேண்டும். வெறும் படிப்பைக் காட்டி மேசையில் உட்கார்ந்துவிட முடியாது. கோவையில் பம்ப் செட்டும் வார்ப்பும் செய்யப் பழகினால் வேலை தெருக்கோடியில் கிடைக்கும். இதற்கு அவள் பெங்களூருக்கோ, டெல்லிக்கோ மூட்டை கட்டவேண்டும். அம்மாவின் கவலை அதுதான். தட்டில் முறுக்கு கொண்டுவந்து வைக்கும் போதெல்லாம் அந்தக் கவலையையும் சேர்த்தே வைக்கிறார்.

வாய்மொழித் தேர்வுக்கு அப்பாதான் அதிகாரி. கேள்விகளை அவளே எழுதிக் கொடுத்திருக்கிறாள். அவர் எழுத்துக் கூட்டிப் படித்துக் கேட்பார், அவள் பதில் சொல்வாள். அன்று தாளை மடித்துவிட்டுச் சொந்தமாக ஒன்று கேட்டார்.

“கேப்டன் போலாம்ங்கறாரு. நீ வேண்டாம்ங்கற. இருபத்தஞ்சு வருசம் ஓட்டுன ஆளு. என்ன பண்ணுவ?”

“எதுக்கு வேண்டாம்னு நம்பரோட காட்டுவனுங்கப்பா.”

“அப்பவும் போலாம்னாருன்னா?”

“என்ற கையெழுத்த நான் போட மாட்டனுங்க.”

அவர் அடுத்த கேள்விக்குப் போகவில்லை. ஜெய்ப்பூரிலும் மூடுபனி என்று வைத்து அதே கணக்கை மறுபடி போடச் சொன்னார். அவள் லக்னோவுக்குத் தூரம் தேட வரைபடத்தை விரித்தாள்.