பூஜ்யம் காட்டிய ஒலிப்பதிவு

சில ஆண்டுகளுக்கு முன் செங்கல்பட்டுப் பக்கம் ஒரு காலனியில், பஞ்சமி நிலம் பற்றி முதியவர்கள் சொல்வதைப் பதிவு செய்துகொண்டிருந்தேன். செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த ட்ரெமென்ஹீர் எழுதிய அறிக்கையைத் தொடர்ந்து 1892-இல் நம் மக்களுக்கென ஒதுக்கப்பட்ட நிலம் அது. முதல் பத்து ஆண்டுகள் யாருக்கும் விற்கக் கூடாது, பிறகும் நமக்குள் மட்டுமே கைமாறலாம் என்பது நிபந்தனை. இன்று அது யார் யார் கையில் இருக்கிறது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அந்த ஆயாவுக்கு எண்பது வயது இருக்கும். "கெழக்கால ஒத்தப் பன, தெக்கால ஓட" என்று தொடங்கியவர், ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசினார். எந்தப் பதிவேட்டிலும் இல்லாத எல்லைகள், பெயர்கள், சண்டைகள். நடுவில் ஒருமுறை குரல் தாழ்ந்து, வயலில் நடந்த ஒன்றைச் சொன்னார். அவர் முடிப்பதற்குள் பதிவுக் கருவியின் பேட்டரி தீர்ந்துவிட்டது. புது பேட்டரி போட்டுப் பார்த்தேன். கோப்பின் நீளம் பூஜ்யம்.

"பதிவாகல ஆயா" என்றேன். "போனா போவுது கண்ணு, மறுபடி சொல்றேன்" என்றார். இந்த முறை கைபேசியில் பதிவு செய்தேன். எல்லைகளை அப்படியே சொன்னார். வயலில் நடந்ததை மட்டும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. ஒரே வாக்குமூலத்தை இரண்டு முறை வாங்க முடியாது என்று வகுப்பில் படித்திருக்கிறேன், அன்றுதான் புரிந்தது.

கணினி பழுதுபார்க்கும் தோழர் ஒருவரிடம் கார்டைக் கொடுத்தேன். "அதுக்கப்புறம் இதுல எதுவும் பதியலையே?" என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி. பதிந்திருந்தால் பழையதன் மேல் புதியது ஏறியிருக்கும். கைபேசிக்கு மாறியது தற்செயல், அதுதான் காப்பாற்றியது.

கருவி ஓடும்போதே ஒலியைக் கார்டில் எழுதிக்கொண்டே போகிறது. நிறுத்தும் பொத்தானை அழுத்தும்போதுதான் கோப்பின் நீளம் இவ்வளவு என்று கணக்கை எழுதி முடிக்கிறது. இடையில் கருவி அணைந்தால் ஒலி கார்டிலேயே கிடக்கும், கணக்கு மட்டும் பூஜ்யமாக நிற்கும். நிலம் கண்ணெதிரே கிடக்க, பட்டாவில் நம் பெயர் மட்டும் இல்லாத கதைதான்.

தோழர் கார்டின் பூட்டைத் தள்ளிவிட்டு, முழுக் கார்டையும் ஒரே இமேஜ் கோப்பாக நகல் எடுத்தார். அந்த நகலில் ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருளை ஓட்டியதும் ஒரு வேவ் கோப்பு கிடைத்தது, ஆனால் இயங்கவில்லை. அதை ஆடாசிட்டியில் 'ரா டேட்டா'வாகத் திறந்தார். முதலில் மோனோ என்று கொடுத்தபோது ஆயாவின் குரல் இழுத்து இழுத்து ஆண் குரல்போல வந்தது. 16 பிட், 44,100 ஹெர்ட்ஸ், ஸ்டீரியோ என்று மாற்றியதும் "ஒத்தப் பன" என்றார் ஆயா. எனக்கு அழுகை வந்துவிட்டது. கடைசிச் சில நொடிகள் மட்டும் கிடைக்கவில்லை. கார்டுக்குப் போய்ச் சேரும் முன்பே கருவி அணைந்துவிட்டது.

களத்துக்குப் போகும் தம்பி தங்கைகளே, ஒவ்வொரு பேட்டிக்கும் புது பேட்டரி போடுங்கள். கைபேசியிலும் கூடவே பதிவு செய்யுங்கள். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்தித் தொடங்கினால், போனாலும் இருபது நிமிடம்தான் போகும். கருவி அணைந்தால் அந்தக் கார்டை வெளியே எடுத்து வையுங்கள். வழக்குக்குப் போகக்கூடிய பதிவென்றால் மூலக் கார்டை உறையிலிட்டுத் தேதி எழுதி வையுங்கள். 2023-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 63-ஆவது பிரிவு மின்னணுப் பதிவுக்குச் சான்றிதழ் கேட்கிறது.

இன்னொன்றும் உண்டு. மீட்டதை எடுத்துக்கொண்டு ஆயாவிடம் போனேன். ஹெட்போனில் கண்ணை மூடிக் கேட்டார். "இத நானா சொன்னேன்?" என்றார். வெகுநேரம் கழித்து, "நெலத்தப் பத்தி சொன்னத எல்லாருக்கும் குடும்மா. அது வேணாம்" என்றார். அழித்துவிடட்டுமா என்று கேட்டேன். "அழிக்காத. எம் பேத்தி வளந்து கேட்டா குடு."

அந்தப் பகுதியைத் தனியே பிரித்து வைத்திருக்கிறேன். அதில் என்ன இருக்கிறது என்று இங்கேயும் எழுதப்போவதில்லை. கார்டிலிருந்து குரலை மீட்டது நாங்கள்தான், ஆனால் அது ஆயாவுடையது.