மெழுகு இறுகும் குளிர்

எங்கள் மலையூரான கம்போங் ராஜாவில் இன்று காலை முழுக்கப் பனிமூட்டம். வீட்டுக்குப் பின்னால் இருக்கிற எங்கள் பட்டறையில் நேற்றுச் சாயம் போட்ட பாத்தேக் துணி இன்னும் காயவில்லை. இந்தக் குளிரில், கோடு இழுக்கும் சந்திங் கருவியின் முனையிலேயே மெழுகு இறுகிவிடும். துணியின் மேலே படியுமே தவிர உள்ளே இறங்காது. அப்புறம் சாயம் கோட்டைத் தாண்டி ஓடிவிடும். அதனால் என் கணவர் அடுப்பருகே நின்று சூடு பார்ப்பார், நான் கோடு இழுப்பேன். கல்யாணமான நாளிலிருந்து இதுதான் எங்கள் ஏற்பாடு.

நேற்று இரவு சோழமண்டலம் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். 1966இல் கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் ஓவியர்கள் சேர்ந்து சென்னை ஈஞ்சம்பாக்கத்தில் உருவாக்கிய கிராமம். அதற்கு நிலம் வாங்கக் கைகொடுத்தது அவர்கள் செய்து விற்ற பாத்தேக் முதலான கைவினைப் பொருள்கள்தான்! கைவினை என்றால் மட்டம் என்பவர்களுக்கு வேறு பதிலே தேவையில்லை.

அங்கே வாழ்ந்த ஓவியத் தம்பதி எஸ்.ஜி. வாசுதேவ், அர்னவாஸ். 1988இல் அர்னவாஸ் காலமானார். அவர் பெயரில் ஓவிய மாணவர்களுக்கு உதவித்தொகை ஏற்படுத்தினார் வாசுதேவ். இதைச் சொன்னபோது என் கணவர் ஒன்றும் பேசவில்லை. மெழுகுச் சட்டியைக் கிளறிக்கொண்டே வெகுநேரம் நின்றார்.

சென்னைக்குப் போகிற நம்மூர் நண்பர்களே, துணிக்கடையோடு திரும்பிவிடாதீர்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் சோழமண்டலத்தையும் ஒரு நடை பார்த்துவிட்டு வாருங்கள்.