ஒற்றைக் கண்ணால் ஆடியவர்

45 ஆட்டங்கள், 4 கோல்கள். என்.ஹெச்.எல். எனப்படும் வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீக்கில் வில்லி ஓ'ரீயின் மொத்தக் கணக்கே இவ்வளவுதான். இதை மட்டும் பார்ப்பவர்கள் 'வந்தார், போனார்' என்று சொல்லிவிடுவார்கள்.

1935-ல் கனடாவின் ஃபிரெடரிக்டனில் பிறந்தவர் ஓ'ரீ. 1958 ஜனவரி 18 அன்று பாஸ்டன் புரூயின்ஸ் அணிக்காக மாண்ட்ரியலில் களமிறங்கினார். அந்த லீக்கில் ஆடிய முதல் கறுப்பின வீரர் அவர்தான். அடுத்த கறுப்பின வீரர் வருவதற்கு 1974 ஆகிவிட்டது!

அன்று அவருடன் ஆடியவர்களுக்கே தெரியாத இன்னொரு விஷயம் உண்டு. அவருக்கு வலது கண் தெரியாது.

இரண்டு வருடங்களுக்கு முன் ஜூனியர் ஆட்டம் ஒன்றில் 'பக்' (பந்துக்குப் பதிலாக வைத்து ஆடும் கெட்டியான ரப்பர் வட்டு) முகத்தில் அடித்து, வலது கண் பார்வையில் 95 சதவீதம் போய்விட்டது. இனி ஆடக்கூடாது என்றார் டாக்டர். ஆனால் சில வாரங்களிலேயே ஓ'ரீ திரும்ப ஆட வந்துவிட்டார். ஒரு கண் போனது தெரிந்தால் என்.ஹெச்.எல். கதவு மூடிவிடும். அதனால் அணியில் மூச்சு விடவில்லை.

அவர் ஆடியதோ இடது ஓரத்தில். அங்கே நிற்பவருக்கு ஆட்டம் முழுவதும் வலது பக்கம்தான் நடக்கும். ஒவ்வொரு பாஸுக்கும் கழுத்தை முழுக்கத் திருப்பி இடது கண்ணால் பார்க்க வேண்டும், அதுவும் பனிமேல் பறந்துகொண்டே! பக் தவறிப்போனால் காரணம்கூட சொல்ல முடியாது. இதற்கு நடுவே பார்வையாளர்களின் இனவெறி வசவுகள் வேறு.

1961-ல் என்.ஹெச்.எல். வாழ்க்கை முடிந்தது. பிறகு லாஸ் ஏஞ்சலஸில் வேறொரு லீக்கில் ஆடியபோது பயிற்சியாளர் அவரை வலது ஓரத்துக்கு மாற்றினார். இப்போது ஆட்டம் நல்ல கண்ணின் பக்கம் வந்துவிட்டது. விளைவு? 1964-65 சீசனில் மட்டும் 38 கோல்கள்! 43 வயதுவரை ஆடிவிட்டு 1979-ல்தான் ஓய்வு பெற்றார்.

1998 முதல் ஏழை, சிறுபான்மைக் குழந்தைகளை இந்த விளையாட்டுக்குக் கொண்டுவரும் வேலையில் இறங்கினார். 2018-ல் ஹாக்கி புகழ் மன்றம் அவரைச் சேர்த்துக்கொண்டது, வீரர்கள் பிரிவில் அல்ல, விளையாட்டை வளர்த்தவர்கள் பிரிவில். 2022-ல் புரூயின்ஸ் அணி அவருடைய 22-ஆம் எண்ணை இனி யாருக்கும் தருவதில்லை என்று கௌரவித்தது.

மரியாதைகள் எல்லாம் நியாயமானவைதான். ஆனால் அந்த 4 கோல்களும் சும்மா 4 கோல்கள் இல்லை. நான்குமே இடது ஓரத்தில் ஆடிய காலத்தில், பாதி ஆட்டம் கண்ணுக்கே தெரியாமல் அடித்தவை. எந்தப் புள்ளிவிவரப் பட்டியலிலும் அதற்கு ஒரு கட்டம் கிடையாது.